ஆஸ்டின் பாடி, ஜிப்சி சேஸிஸ்

ஜூலை 5, 2025, சனி

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் கிடந்த ஆஸ்டின் ஏ40 டெவன் இன்று திருவொற்றியூர் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. நாற்பதாயிரம் ரூபாய். இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, பேப்பர் இல்லை, முன் கண்ணாடி இல்லை. நாலு கதவும் பானட்டும் டிக்கியும் இருக்கின்றன. சேஸிஸ் என்று பார்த்தால், கடல் காற்று தின்றது போக மிச்சம். பட்டறைக்காரர் பாய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வலப்பக்கச் சட்டத்தில் ஒரு குத்து குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

"இத்த வச்சு கோழிக்கூடு கூட கட்ட முடியாது சார். பாடி மட்டும்தான் தேறும்."

எனக்கும் பாடி மட்டும்தான் வேண்டும், வேறு வண்டியின் சேஸிஸ் மேல் ஏற்ற.

வண்டியைக் கொடுத்தவர் ஒரு சேதி சொன்னார். அவர் தாத்தா புதுசாக வாங்கியதாம், நம்ம எண்ணூரிலேயே பூட்டிய வண்டியாம். நம்பினால் எனக்கு லாபம்தான், நம்பிவிட்டேன். ரகுநந்தன் சரண் 1948-ல் அசோக் மோட்டார்ஸை ஆரம்பித்ததே ஆஸ்டின் கார் பூட்டத்தான். அசோக் என்பது அவர் மகன் பெயர். இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக உதிரிகளாக வந்த ஏ40 கார்கள் 1949 முதல் எண்ணூரில் முழு வண்டியாகி வெளியே வந்தன. லேலண்ட் பங்கு சேர்ந்து அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது 1955-ல். இன்றைக்கு லாரி, பஸ் என்று மட்டுமே நினைக்கிற அந்த கேட்டிலிருந்து முதலில் வந்தது கார்.

ஜூலை 6, ஞாயிறு

மச்சான் வந்து பார்த்தான். விண்டேஜ் ராலிக்கெல்லாம் போகிறவன். முகம் சுருங்கிவிட்டது.

"பாவம் மாமா இது. பழையபடி ரெஸ்டோர் பண்ணா வி.ஏ. நம்பரே வாங்கலாம்."

அவன் சொல்வது 2021-ல் வந்த விதி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனி வரிசையில் நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. சேஸிஸ் உளுத்துப்போன, இன்ஜினே இல்லாத ஒரு கூட்டை எந்த ஒரிஜினலுக்குக் கொண்டுபோவது? முழுசாக ஓடுகிற ஏ40 ஒன்றை வெட்டினால் அவன் சொல்கிற பாவம் எனக்குச் சேரும். இது முருங்கை மரத்துக்கு உரமாகிக் கொண்டிருந்த தகடு.

ஏன் ஒரு அம்பாசடரையோ பியட்டையோ எடுக்கவில்லை என்றும் கேட்டான். அவற்றில் கழற்ற முடியாது. பாடியே சட்டம், சட்டமே பாடி. தனியாக சேஸிஸ் என்று ஒன்று கிடையாது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் உண்டு. 1961 முதல் இதே சென்னையில் செய்த கார், பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். வெளிநாட்டில் அதன் அண்ணன் டிரையம்ப் ஹெரால்டின் சேஸிஸ் மேல் எத்தனையோ பேர் சொந்தமாக பாடி கட்டி ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஹெரால்டைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதில் கை வைத்தால் மச்சான் வீட்டுப்படி மிதிக்க மாட்டான்.

ஜூலை 12, சனி

மாதவரம் பக்கம் காயலான் கடையில் ஜிப்சி கிடைத்தது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், 1,298 சிசி, 80 குதிரைத்திறன். ஏ40-க்குப் பிறப்பில் இருந்தது 1,200 சிசியும் 40 குதிரையும்; குதிரைத்திறன் இரட்டிப்பு. அதைவிட எனக்கு முக்கியம் பிரேக். அந்தக் கால டெவனில் முன் சக்கரத்துக்கு ஆயில் பிரேக், பின் சக்கரத்துக்குக் கம்பி இழுக்கிற பிரேக். ஜிப்சியில் நாலுக்கும் ஆயில், முன்னால் டிஸ்க். ஓடுவது யாரால் வேண்டுமானாலும் ஆகும், நிற்க வேண்டுமே.

இன்ஜினைக் கடையிலேயே ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். புகை இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு ஆக்ஸில், சேஸிஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

சேஸிஸில் ஒரு இடத்தில் செவ்வகமாக ஓட்டை. உள்ளங்கை அகலம் இருக்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டியதால் ஓரமெல்லாம் மெழுகு வழிந்த மாதிரி கட்டி கட்டியாக இரும்பு. நம்பர் அடித்திருந்த இடம் அது. வண்டியை ஸ்கிராப் என்று முடித்து ஆர்.சி.யை ரத்து செய்யும்போது அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டை வழியாக விரல் விட்டால் மறுபக்கம் வருகிறது. அரசாங்கக் கணக்கில் இது இனி வண்டி இல்லை, எடைக்குப் போடுகிற இரும்பு.

ஜூலை 13, ஞாயிறு

டேப் வைத்து அளந்தோம். புத்தகக் கணக்குப்படி ஏ40-ன் வீல்பேஸ் 92½ அங்குலம். ஜிப்சிக்கு 2,375 மில்லிமீட்டர், அதாவது 93½ அங்குலம். ஒரே ஒரு அங்குலம் வித்தியாசம். சேஸிஸை வெட்டி நடுவில் துண்டு வைத்து ஒட்டுகிற வேலையே இல்லை. பட்ஜெட்டில் வண்டி கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்? பொலிரோ என்று போனவர்கள் எல்லாம் சேஸிஸை அறுத்துவிட்டு, பிறகு வெல்டிங் நிற்குமா என்று தூக்கம் கெட்டுத் திரிகிறார்கள்.

அந்த ஒரு அங்குலத்தை என்ன செய்வது என்றுதான் மத்தியானம் முழுக்கப் பேச்சு. பின் சக்கரத்தை வளைவுக்கு நடுவில் வைத்தால் முன் சக்கரம் ஒரு அங்குலம் முன்னால் தள்ளி நிற்கும். பார்க்கிறவனுக்கு ஏதோ குறை என்று படும், என்ன குறை என்று தெரியாது. பாய் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "முன்னால அரை, பின்னால அரை. பங்கு போட்டுக்கலாம் சார். அரை இஞ்ச் எவன் கண்ணுக்கும் தெரியாது."

ஜூலை 20, ஞாயிறு

துருவைச் சுரண்டுகிற வேலை. பட்டறையில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது, ஆனால் ராத்திரி வெளியே வைத்த வெறும் தகட்டில் காலையில் ஆரஞ்சு நிறப் பொடி பூத்திருக்கிறது. சுரண்டியதை அன்றே பிரைமர் அடித்து மூட வேண்டும். இந்தப் பக்கத்தில் டிங்கரிங் செய்கிறவர்கள் யாரும் பாதி வேலையை நாளைக்கு என்று வைப்பதில்லை.

பின் மட்கார்டு பாடியோடு சேருகிற இடத்தில் பெயின்டை எரிக்க டார்ச்சைக் காட்டினார் பாய். வெள்ளி மாதிரி ஒரு சொட்டு உருண்டு தரையில் விழுந்து தட்டையானது. இன்னொன்று. நான் பதறிவிட்டேன்.

"ஈயம் சார். அந்தக் காலத்துல புட்டி ஏது? ஜாயின்ட்டுக்கெல்லாம் ஈயத்த உருக்கி மரக்கட்டையால தேச்சு வுட்டுருவானுங்க. எங்க உஸ்தாத் கையில ஒரு மூங்கில் தப்பை இருக்கும், அத்தால வழிப்பாரு."

டார்ச்சை அணைத்துவிட்டார். அந்த ஜாயின்ட்டில் எழுபது வருஷம் கழித்தும் துரு இல்லை. அதை அப்படியே விடச் சொன்னேன். கீழ்ப் பகுதி, கதவுக்கு அடியில் ஓடும் பட்டி, பின்பக்கத் தரை எல்லாம் போய்விட்டன. அங்கே பதினெட்டு கேஜ் தகடு. பானட் மூக்கில் பறக்கும் ‘ஏ’ சின்னம் இருந்த இடத்தில் துளை மட்டும் இருக்கிறது. புதுப்பேட்டையில் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இல்லை என்ற சொல்லைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

ஜூலை 25, வெள்ளி

எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. ஆபீசுக்கு லேட். எதிர்ப்பக்கத்தில் நாலைந்து பஸ் சேஸிஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பாடி இல்லை, கூரை இல்லை, கண்ணாடி இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சீட், அதில் ஹெல்மெட் போட்டு, முகத்தில் துண்டு கட்டிய டிரைவர். அம்மண வண்டி என்று சின்ன வயசில் சிரிப்போம். பாடி கட்ட கரூர் வரைக்கும் அப்படியே ஓட்டிப் போவார்கள்.

நான் செய்வதும் இதேதான் என்று தோன்றியது. சேஸிஸ் ஒரு இடம், பாடி ஒரு இடம், இரண்டையும் சேர்த்தால் வண்டி. ஆனால் பஸ்ஸுக்கு பாடி கட்டி முடித்த பிறகுதான் பதிவு. பதிவான வண்டியின் உடம்பை மாற்றுவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு அதைத் தடுக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என் வண்டியில் மாறாதது எது என்று எண்ணுவது சுலபம்.

ஓடுகிற ஜிப்சி ஆர்.சி.யை வைத்துக்கொண்டு ஆஸ்டினை ஓட்டலாம், போலீஸ் பானட்டையா திறந்து பார்க்கப் போகிறது என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் திறந்து பார்ப்பார். நம்பர் வெட்டிய சேஸிஸை நான் தேடி வாங்கியதற்கு அதுதான் காரணம். ஆசைக்கு முதலிலேயே கதவைச் சாத்தியாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெரு முழுக்க அம்மன் பாட்டு, பட்டறைக்கு ஒரு குண்டான் கூழ் வந்தது. பாய் இரண்டு சொம்பு குடித்துவிட்டு உஸ்தாத் கதையை எடுத்தார்.

உஸ்தாத் சோழவரத்துக்கு வண்டி தயார் செய்து கொடுத்தவர். சோழவரம் என்றால் இப்போது ஏரி நீர்மட்டம்தான் பேப்பரில் வருகிறது. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்த பிறகு பல வருஷம் அதில்தான் ரேஸ். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் வரைக்கும் தென்னிந்தியாவில் வேகம் என்றால் அந்த கான்கிரீட்தான். இறக்குமதி காருக்கு வழியில்லாத காலம். பழைய சேஸிஸ், வேறு இன்ஜின், தகடு தட்டிச் செய்த பாடி என்று பட்டறையில் பிறந்த வண்டிகள் அங்கே ஓடின.

அமெரிக்காவிலும் கதை கிட்டத்தட்ட இப்படித்தான். தெற்கு கலிபோர்னியாவில் காசில்லாத பையன்கள் பழைய போர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, 1932-ல் போர்டு விட்ட வி8 இன்ஜினைப் பூட்டி, வற்றிப்போன ஏரித் தரையில் விரட்டினார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் சேர்ந்ததும் ஹாட் ராட் என்கிற அந்த மோகம் பெரிதாயிற்று. ஹாட் ராட் பத்திரிகையின் முதல் இதழ் 1948 ஜனவரி. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பிறந்த அதே வருஷம். இன்றைக்கு அங்கே ஹாட் ராட் பணக்காரர் வீட்டு வரவேற்பறை சாமான் ஆகிவிட்டது. ஒரு பெயின்டுக்குக் கொடுக்கிற காசில் இங்கே நாலு ஜிப்சி வாங்கலாம். எனக்கு அந்த வகை பிடிப்பதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. கரன்ட் இல்லை. வேலை இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜிப்சி உயரமான வண்டி. அதன் மேல் ஆஸ்டினை அப்படியே வைத்தால் ஸ்டூல் மேல் ஏறிய தாத்தா மாதிரி இருக்கும். நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி, மெயின் பட்டையை விட்டுவிட்டு, கீழ்ப் பட்டைகளில் ஒன்றிரண்டை உருவி, மிச்சத்தின் வளைவைத் தட்டிக் குறைத்தார்கள். ராயபுரத்தில் லாரிப் பட்டை அடிக்கிற கடையில் வேலை. அவர் இவ்வளவு மெல்லிசான பட்டையை விளையாட்டுச் சாமான் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன் சக்கரத்துக்குப் போகிற புரொபெல்லர் ஷாஃப்டையும் எடுத்தாயிற்று. இனி பின் சக்கரம் மட்டும் தள்ளும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. ஆடியில் பாடியை ஏற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தது பாய்தான், நான் இல்லை.

செயின் பிளாக்கில் பாடியைத் தூக்கி, கீழே சேஸிஸைத் தள்ளி, மெல்ல இறக்கினோம். முதல் தடவை டிரான்ஸ்பர் கேஸ் தரையில் முட்டியது. ஜிப்சியில் அது கியர்பாக்ஸிலிருந்து தனியாக, வண்டியின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்டின் தரைக்கு அப்படி ஒரு ஆசாமி இருப்பதே தெரியாது. மறுபடி தூக்கி, தரையில் சாக்பீஸால் வரைந்து, கிரைண்டரில் வெட்டி, மேலே பெட்டி மாதிரி தகடு வளைத்து வைத்தார்கள். அடுத்த தடவை உட்கார்ந்தது. எட்டு இடத்தில் பிராக்கெட், ஒவ்வொன்றின் கீழும் ரப்பர் புஷ். பிராக்கெட்டை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் பிடித்து, கதவு நாலும் சாத்தித் திறந்து பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். இடப்பக்கப் பின் கதவு உரசியது. ஒரு பிராக்கெட்டுக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் தகடு கொடுத்ததும் ‘டக்’ என்று சாத்தியது.

மச்சான் வந்திருந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அரை அங்குலம் அவன் கண்ணுக்கும் தெரியவில்லை. "கலரு என்ன மாமா?" என்றான். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதுவரை செலவு இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். கண்ணாடியும் சீட்டும் பாக்கி. மூன்றுக்குள் முடிக்க வேண்டும்.

ஓட்டுவதற்கு இடம் பேசியாயிற்று. மணலி புதுநகரில் தெரிந்தவரின் கன்டெய்னர் யார்டு ஞாயிற்றுக்கிழமை காலி. கான்கிரீட் தரை, சுற்றிச் சுவர், கேட் பூட்டிக்கொள்ளலாம். வண்டி அங்கே ரெக்கவரி லாரியில்தான் போகும். ரோட்டில் ஒரு அடி ஓடாது.

பாய் பளபளவென்று மெரூன் அடிக்கலாம் என்கிறார். எனக்குத் தகடும் ஈயமும் தெரிகிற மாதிரி மேலே வார்னிஷ் மட்டும் போதும். இந்தக் கடல் காற்றில் வார்னிஷ் ஒரு மழைக்குத் தாங்காது என்று அவர் சொல்வது உண்மை, அதனால் தோற்றுக்கொண்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வந்து ஜிப்சியின் ஈ.சி.எம். பெட்டியையும், பாம்புக் குட்டி மாதிரி அவிழ்ந்து கிடக்கிற வயர்களையும் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாயிரம் கேட்கிறார். எட்டுக்கு வருவார்.