ஒரே இடத்தில் ஒரு வாழ்நாள்

கார்ப்பரேட் மருத்துவமனைத் தலைமை அதிகாரி என்றாலே எம்பிஏ, காலாண்டு இலக்கு, படுக்கைக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கு, பிறகு வேறொரு குழுமம். தப்பென்று சொல்லவில்லை, சம்பளம் போட யாராவது கணக்குப் பார்க்கத்தானே வேண்டும்!

ஆனாலும் எனக்கு நினைவுக்கு வருபவர் டாக்டர் வி. சாந்தாதான். கைக்கு வந்த அரசு வேலையை விட்டுவிட்டு, 1955-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது அங்கே வெறும் 12 படுக்கைகள். 1980 முதல் 1997 வரை இயக்குநர். குடியிருந்ததும் வளாகத்துக்குள்ளேயே. காசில்லாதவருக்கும் அதே சிகிச்சை என்பதில் பிடிவாதம். அதற்காக நன்கொடை கேட்கக் கூசியதில்லை. 2005-இல் மகசேசே விருது. 2021 ஜனவரியில், 93 வயதில் மறைந்தார்.

இந்த சுயவிவரத்தை இன்று ஓர் ஆளெடுக்கும் நிறுவனத்திடம் நீட்டினால், ‘ஒரே இடத்தில் தேங்கிவிட்டார்’ என்று ஓரங்கட்டிவிடுவார்கள்.