பலூன் பலகைக்கு முன்னால்

மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு நேரே மணலில் இறங்கி, பஜ்ஜிக் கடைகளைத் தாண்டிப் போனால் பலூன் பலகைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றின் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். கடை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவுடையது. கூட ஒரு பையன், அவரை அத்தை என்று கூப்பிடுகிறான். இரண்டு ஏர் கன், ஒரு ரவை டப்பா, ஒரு ஸ்டூல். வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் மணலுக்குமேல் ஒரு கயிறு.

பக்கத்துக் கடைகளில் வெறும் பலகையில் பலூன் கட்டியிருக்கிறார்கள். இந்த அம்மா பலகைமேல் கோணிச்சாக்கை மூன்று நான்கு மடிப்பாகத் தொங்கவிட்டு, அதற்குமேல் பலூன்களைக் கட்டியிருக்கிறார். காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்துக் கடையில் குறி தவறிய ரவை பலகையில் பட்டு 'டப்'பென்று தெறித்து எங்கோ போகிறது. இங்கே தவறியது சாக்கில் புதைந்து, அப்படியே கீழே விழுகிறது. பலகையின் முதுகு கடல் பக்கம். அலையில் கால் நனைத்துவிட்டுக் குறுக்கு வழியாக யாரும் வந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் கம்பு நட்டு, பழைய மீன்வலை கட்டி வைத்திருக்கிறார்.

கல்லூரி மாணவன் ஒருவன் வருகிறான். பத்து ரவைக்குக் காசு கொடுக்கிறான். அம்மா துப்பாக்கியை எடுக்கிறார்.

கட்டையைத் தொடையில் அண்டக் கொடுத்து, பேரலின் நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்குகிறார். உள்ளே கனமான ஸ்பிரிங் சுருங்க, பிஸ்டன் பின்னால் போய், 'க்ளக்' என்று ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. சத்தம் கேட்டபிறகும் பேரலைப் பிடித்த கை விடுவதில்லை. இன்னொரு கையால் டப்பாவிலிருந்து ஒரு ரவையை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். உடுக்கை போல இடை சிறுத்த, 4.5 மில்லிமீட்டர் ஈயத் துண்டு. தலைப்பக்கம் கெட்டி, பின்பக்கம் குழிந்த பாவாடை. பாவாடை நசுங்கியிருந்தால் தூரப் போட்டுவிடுகிறார். காற்று அந்தக் குழிவில் தள்ளித்தான் ரவை குழாய்க்குள் இறுகிப் போகும், நசுங்கியது நேராகப் போகாது. தலை முன்னால் இருக்கும்படி, மடக்கியதில் திறந்த பேரலின் பின்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார். விரலின் உட்புறம் ஈயம் ஏறிக் கறுத்திருக்கிறது.

அந்த ஒரு நொடியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விரல் பேரலின் வாயில் இருக்கிறது, ஸ்பிரிங் முழுசாகச் சுருங்கியிருக்கிறது. அப்போது விசையில் ஏதாவது பட்டுவிட்டால் பேரல் சுண்டி மேலே அடிக்கும். விரல் நடுவில் இருந்தால் போயிற்று, பேரலும் வளைந்துபோகும். அதனால்தான் பிடித்த கை பிடித்தபடி இருக்கிறது. விசைப் பக்கம் ஒரு விரலும் போவதில்லை. பக்கத்துக் கடையில் பேரலை மடக்கிக் காலிடுக்கில் சும்மா விட்டுவிட்டு இரண்டு கையாலும் சில்லறை எண்ணுகிறார் ஒருவர். பார்க்கவே பதறுகிறது.

துப்பாக்கியைக் கொடுப்பதிலும் ஒரு முறை. மாணவன் கயிற்றுக்கு அருகே வந்து நின்ற பிறகுதான் பேரலை நிமிர்த்தி மூடுகிறார். முனை பலகையைப் பார்த்திருக்க, அவரும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கட்டையை அவன் தோளில் வைக்கிறார். அவன் தோளோடு அழுத்திப் பிடித்ததும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்கிறார்.

"கன்னத்தை நல்லா ஒட்டு தம்பி. மூச்சை விட்டுட்டு அழுத்து, வெடுக்குன்னு இழுக்காதே."

முதல் ரவை சாக்கில். இரண்டாவது மஞ்சள் பலூனில். நண்பன் போனைத் தூக்குகிறான். மாணவன் சிரித்துக்கொண்டே துப்பாக்கியோடு திரும்பி நண்பனை நோக்கிக் குறி பார்க்கிற மாதிரி நிற்கிறான். பேரலின் நடுவில் அம்மாவின் கை ஏற்கெனவே இருக்கிறது. பலகையை நோக்கித் தள்ளிப் பிடித்துவிட்டார்.

"லோடு இல்லக்கா."

"இல்லன்னு யாரு பார்த்தா?"

அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. துப்பாக்கியை வாங்கி, பேரலைக் கொஞ்சமாக மடக்கி வாயைக் காட்டுகிறார். காலிதான். ஆனாலும் அவனுக்கு முகம் மாறிவிட்டது. மிச்ச எட்டையும் ஒழுங்காகச் சுட்டான்.

நம் நாட்டில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை; 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அந்த எல்லைக்கு மேலே உள்ளதைத்தான் பிடிக்கின்றன. அதனால் இது பொம்மை என்ற எண்ணம் ஊறிவிட்டது. பொம்மை அல்ல. நல்ல ஸ்பிரிங் உள்ள துப்பாக்கியிலிருந்து ரவை நொடிக்கு 100 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்பும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியிலும் ரவை இதே 4.5 மில்லிமீட்டர்தான். அங்கே ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் உண்டு. இந்த மணலில் நடுவர், பரிசோதகர், பயிற்சியாளர் எல்லாம் இந்த அம்மா ஒருத்திதான்.

ஒரு குறை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. சுடுகிறவர்களுக்கும் சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கண்ணாடி இருக்க வேண்டும். எந்தக் கடையிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

பலூன்கள் தீர்ந்துவிட்டன. பையன் பலகைப் பக்கம் போகிறான். அவன் கயிற்றைத் தாண்டுவதற்கு முன்பே அம்மா இரண்டு துப்பாக்கிகளையும் மடியில் வாங்கிப் பேரல்களைப் பாதி மடக்கிவிடுகிறார். ஸ்பிரிங் மாட்டும் அளவுக்கு இல்லை, சும்மா வாய் திறந்து தெரியும் அளவுக்கு. தூரத்திலிருந்து பார்த்தாலே சுடமுடியாத துப்பாக்கி என்று தெரியும். அவன் கட்டி முடித்துத் திரும்பி வரும்வரை அப்படியே வைத்திருக்கிறார். அவசரப்படும் அப்பா ஒருவர், "குடுங்கம்மா, பையன் ரெடி" என்கிறார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேரலை மடக்கும் இந்த வகைத் துப்பாக்கியில் அது ஒரு வசதி. மடக்கினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் பரவலாக உள்ள பம்ப் ரைஃபிளில் அப்படித் தெரியாது. பேரலுக்குக் கீழே உள்ள கைப்பிடியைத் திறந்து மூடி, மூன்றிலிருந்து பத்து தடவைவரை காற்றடிக்க வேண்டும். அடித்த காற்று வால்வுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் அந்த வகைக்கு வரிசை முக்கியம்: முதலில் பாதுகாப்புப் பூட்டு, பிறகு காற்று, கடைசியாகத்தான் ரவை. கைப்பிடி மூடும்போது விரல் இடுக்கில் சிக்கும், அதையும் பார்க்க வேண்டும். சொன்ன அளவுக்குமேல் அடித்தால் வேகம் கூடாது, வால்வுதான் கெடும். எடுத்து வைக்கும்போது ரவை இல்லாமல் ஒரே ஒரு பம்ப் காற்றை உள்ளே விட்டு வைக்கும்படி தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு, வால்வின் அடைப்பு தளராமல் இருக்க. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இதற்கு நேரெதிர். மடக்கியபடி விட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும். இழுத்ததைச் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இருட்டுகிற நேரம். ஒரு சிறுமி விசையை அழுத்துகிறாள், 'புஸ்' என்று மட்டும் சத்தம். பலூனும் உடையவில்லை, சாக்கும் அசையவில்லை. அவளுடைய அண்ணன் "இன்னொண்ணு போடுங்க" என்கிறான். அம்மா போடவில்லை. முனையைப் பலகைப் பக்கமே வைத்துக்கொண்டு பேரலைப் பாதி மடக்கி, பிறகு முனையை மேலே தூக்கி, வாயில் கண்ணை வைத்து வானத்தைப் பார்க்கிறார். வெளிச்சம் தெரியவில்லை. ரவை நடுவழியில் நின்றிருக்கிறது. அதன்மேல் இன்னொன்று போயிருந்தால் இரண்டும் சேர்ந்து இறுகியிருக்கும். பையிலிருந்து மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்து வாய்ப் பக்கமிருந்து தள்ளுகிறார். முனை வழியே ரவை விழுகிறது. மறுபடி வானத்தைப் பார்த்த பிறகுதான் புது ரவை.

அந்த வேளையில் பையன் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் வேலையாக இருக்க, நாலைந்து ரவையை வாயில் அடக்கிக்கொண்டான். பலூன் கடைகளில் இந்தப் பழக்கம் உண்டு.

"டேய், துப்புடா! ஈயம்டா அது. எத்தனை வாட்டி சொல்றது?"

துப்பினான். அவன் வாயைக் கொப்புளித்துத் துப்பும்வரை அடுத்த வாடிக்கையாளருக்கு ரவை இல்லை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் மூளையையும் நரம்பையும் கெடுக்கும், வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. சாப்பிடுவதற்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை எல்லா ரவை டப்பா மேலும் பெரிய எழுத்தில் அச்சிட்டால் நல்லது.

கூட்டம் குறைந்ததும் பராமரிப்பு. மடியில் பழைய காடாத்துணி. உப்புக் காற்றில் ஒரே இரவில் இரும்பு துருவேறிவிடும் என்பதால் பேரலின் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைக்கிறார். துணியின் ஒரு மூலையைக் கிழித்துக் கம்பியில் சுற்றி, வாய்ப் பக்கமிருந்து உள்ளே விட்டு முனைவழியாக எடுக்கிறார். கறுப்பாக வருகிறது. இரண்டாவது துண்டு அவ்வளவு கறுப்பில்லை. மடக்குகிற இடத்து ஸ்குரூவைத் திருப்பிப் பார்க்கிறார், கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களையும். ஒவ்வொரு சுடுதலிலும் ஸ்பிரிங் அதிர்வதால் அவை தளர்ந்துகொண்டே வரும். மணலில் முனையை ஊன்றி நிறுத்த யாரையும் விடுவதில்லை. ஒரு மணல் துகள் போனால் குழாயின் உள்வரிகளைக் கீறிவிடும்.

பையன் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டுகிறான். வேண்டாமென்று தள்ளிவிடுகிறார். பிஸ்டனின் தோல் வாஷருக்கு எண்ணெய் துளி அளவுதான். கூடினால், பிஸ்டன் பாயும்போது அழுந்திய காற்றின் சூட்டில் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடக்கிற அதேதான். வெடிச் சத்தமும் புகையும் வந்தால் சிறுவர்களுக்குக் குஷி; ஸ்பிரிங்குக்கும் வாஷருக்கும் சேதம். ரவை போடாமல் வெறுமனே சுடுவதும் அப்படியே. எதிர்க்கிற ரவை இல்லாததால் காற்று மெத்தையாக நிற்காது, பிஸ்டன் நேராகச் சுவரில் போய் மோதும்.

ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமென்றால் அவர் திறப்பதில்லை. உள்ளே மடக்காத நிலையிலும் அது அழுந்தியேதான் இருக்கும், திறந்த கணத்தில் முகத்தில் பாயும். ரிப்பேர் கடைக்குத்தான் கொடுப்பாராம், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துப்பாக்கிகள் இரண்டும் தனித்தனித் துணியில் சுற்றிச் சாக்குக்குள் போகின்றன. பையன் டப்பாவையும் அதற்குள் போடப் பார்க்கிறான்.

"அதை இங்க வைக்காதே. துப்பாக்கி எங்கிட்ட, டப்பா உங்கிட்ட. போய்க் கையக் கழுவிட்டு வா, சுண்டல் வாங்கித் தரேன். நாளைக்கு சீக்கிரம் வந்துடு, பலூன் வாங்கப் போகணும்."