சக்கரம் வைத்த வீடு

இங்கிலாந்தில் 'ஸ்டாடிக் காரவான்' என்று ஒரு விநோத சொத்து உண்டு. அடியில் சக்கரம் இருக்கும், ஓடாது. உள்ளே சமையலறை, படுக்கையறை எல்லாம் இருக்கும். ஆயினும், இடம் பெயர்க்கக் கூடியதாகையால், 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது வண்டியே!

ஸ்கெக்னஸ் கடற்கரைப் பூங்காவில் அப்படி ஒன்றை வாங்கிய என் பழைய மாணாக்கர், கடற்காற்று வீச ஜன்னலைத் திறந்து, "சொந்த வீடு, ஸார்!" என்றார்.

"மண்?" என்றேன்.

சிரித்தார். மண் பூங்கா முதலாளியுடையது. அதற்கு வருஷந்தோறும் வாடகை. குளிர்காலத்தில் சில வாரங்கள் கதவடைப்பு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வண்டியை அப்புறப்படுத்த வேண்டும். 1983-ஆம் வருஷத்துச் சட்டம் நிரந்தரமாகக் குடியிருப்போரைக் காக்கிறது. விடுமுறைக்கு வருவோரை அன்று.

வாங்க விரும்புவோர் முதலில் ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். பிறகு ஜன்னலைத் திறக்கலாம்.