இரண்டாம் முறை எழுதுவது

ஞாயிறு பள்ளியில் சொல்லப்படும் வில்லியம் கேரி கதை வெற்றியில்தான் முடியும். செருப்புத் தைத்த ஆங்கிலேயர் வங்காளத்துக்கு வந்தார், பைபிளை மொழிபெயர்த்தார், பெயர் பெற்றார். இடையில் அவர் பட்ட பாட்டை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1793-ல் கல்கத்தாவில் வந்திறங்கியவர் முதல் வங்காளிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1800 டிசம்பர் வரை காத்திருந்தார். அதற்குள் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். மனைவி டாரதிக்கு மனம் பேதலித்தது. 1807-ல் சாகும்வரை அவர் தேறவில்லை. (முதலில் வர மறுத்து, பிறகு இசைந்து கப்பலேறிய அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.)

கேரியிடம் என்னைக் கொண்டுபோனது என் சொந்தக் கஷ்டம்தான். கொல்கத்தாவில் வசிக்கும் நான் வங்காளக் கதைகளைத் தமிழில் பெயர்ப்பவன். நான்கு வருடம் உழைத்து எழுதிய 600 பக்கக் கையெழுத்துப் பிரதி, பதிப்பகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது தொலைந்துபோனது. இரண்டே வரியில் வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. ஏழு மாதம் பேனாவைத் தொடவில்லை. சர்ச்சில் பாட முடிந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. "எல்லாம் தேவ சித்தம்" என்று ஆறுதல் சொன்னவர்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

ஹௌராவில் லோக்கல் ரயில் பிடித்து ஸ்ரீராம்பூர் போனது அந்த நாட்களில்தான். ஹூக்ளிக் கரையில் கேரியும் நண்பர்களும் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. அவர்களுடைய அச்சகம் 1812 மார்ச் 11 மாலை தீப்பிடித்தது. கட்டுக்கட்டாகக் காகிதம், பல மொழிகளின் அச்செழுத்துகள் (தமிழும் அதில் ஒன்று), இலக்கணங்கள், பல வருட உழைப்பான பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி எல்லாம் போயின. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார். அப்போது கேரிக்கு வயது 50.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது 46-ஆம் சங்கீதம், 10-ஆம் வசனம். அமர்ந்திருக்கச் சொல்லும் வசனம். பிரசங்கித்தவரோ அமர்ந்துவிடவில்லை. இடிபாடுகளில் எழுத்து வார்க்கும் அச்சுகள் சேதமில்லாமல் கிடைத்தன. உடனே வார்ப்பு வேலை தொடங்கியது. ஒருமுறை நடந்த பாதையில் மறுபடி நடப்பது சுலபம் என்ற பொருளில் கேரி கடிதம் எழுதினார்.

எனக்குச் சுலபமாக இல்லை. முதல் கதையை மறுபடி பெயர்க்க மூன்று வாரம் பிடித்தது. பழைய வாக்கியம் நினைவின் ஓரத்தில் நின்று, புதியதை ஏளனம் செய்யும். ஆனால் ஜெபம் மாறியது. தொலைந்த கட்டு கிடைக்க வேண்டும் என்று கேட்பதை விட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு சங்கீதம், பிறகு இன்றைக்கு ஒரு பக்கம் எழுதப் பலம் தாரும் என்ற வேண்டுதல், அவ்வளவுதான். கோபம் வந்த நாட்களில் அதையும் அவரிடமே சொன்னேன். சங்கீதக்காரர்களும் அப்படித்தானே செய்தார்கள்?

கேரியின் அந்த அகராதி கடைசிவரை முழுமை பெறவில்லை. என் தொகுப்பிலும் இரண்டு கதைகளை விட்டுவிட்டேன். அந்த நடை மறுபடி கைக்கு வரவில்லை. மீதி 17-ல் 11 முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதில் ஒரு படகோட்டி வருகிறான். அவன் பேசும் வங்காளத்துக்குப் பொருத்தமான தமிழை மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.