பாட்டன் டேப்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்பேட்டைகளில், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய நாள்முதல் இரவு பகல் என்ற பேதமின்றி யந்திரங்கள் ஓடிக்கொண்டிருப்பதை யாவரும் அறிவர். ஆனால் அவற்றுக்கு உதிரிபாகம் செய்தனுப்பும் சிறிய கம்பெனிகளில், இரவு ஷிப்டு தொடங்கிய பிறகு, மனித சஞ்சாரமற்ற ஐ.டி. அறையிலே வேறொரு காரியமும் நடந்துகொண்டிருப்பதைச் சிலரே கவனித்திருப்பார்கள்.

குறித்த நேரம் வந்ததும் பேக்கப் மென்பொருள் தானே விழித்து, ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், டிசைன் என்று நெட்வொர்க்கிலுள்ள சர்வர்களை ஒவ்வொன்றாக விசாரித்து, அன்று மாறியவற்றைப் பொறுக்கி, அரையங்குல அகலமுள்ள காந்த நாடாவில் எழுதிவைக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கொரு டேப். அடுத்த வாரம் அவற்றின்மேலேயே மறுபடி எழுதப்படும். வெள்ளிக்கிழமையின் முழுப்பிரதி ஒரு மாதம் இருக்கும். மாதக்கடைசி டேப்போ வருஷக்கணக்கில் பத்திரப்படுத்தப்படும். மகன், தந்தை, பாட்டன் என்று இவற்றுக்குப் பெயர். மகனுக்கு ஒரு வாரமும் பாட்டனுக்குத் தீர்க்காயுசும் விதிக்கப்பட்ட விநோதமான குடும்பம் இது!

கிளவுட் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழம்பொருள் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2011 பிப்ரவரியில், மென்பொருள் பிழையொன்றால் ஜிமெயிலில் சிலருடைய கடிதங்கள், பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளோடு சேர்ந்தே மறைந்துபோன சமயம், கூகுள் அவற்றை மீட்டது டேப்புகளிலிருந்துதான். டிரைவிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. வெள்ளம் தொடும். 2015 டிசம்பரில் கார்த் தொழிற்சாலைகளையே நிறுத்திவைத்த பெருமழையைக் கண்டவர்கள், பாட்டன் டேப்புகளைத் தரைத்தளத்தில் வைக்கத் துணியமாட்டார்கள். அவை வேறு ஊருக்குப் போய்விடுவதே உசிதம்.

நானறிந்த ஒரு கம்பெனியில், பழைய பாகமொன்றின் டிராயிங் அவசரமாகத் தேவைப்பட்டது. பாட்டன் டேப் இருந்தது. அழகான கையெழுத்தில் லேபிளும் இருந்தது. புதிய டிரைவ்தான் அதைப் படிக்க மறுத்தது. இவ்வகை நாடாவான எல்.டி.ஓ. டேப்பின் முதல் தலைமுறை 2000-ல் வந்தபோது 100 ஜிகாபைட் கொண்டது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்ளும். ஆயினும் ஒன்பதாம் தலைமுறை டிரைவ் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட டேப் எதையும் படிக்காது. நாடா 30 ஆண்டு கெடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். டிரைவும் 30 ஆண்டு கிடைக்கும் என்று அவர்கள் சொல்லவில்லையே!

ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் இருந்துகொண்டு அவருடைய சீடர் கூரத்தாழ்வானை நினையாதிருக்க முடியவில்லை. காஷ்மீரத்தில் அரிதாகப் பெற்ற போதாயன விருத்தி என்னும் உரைநூல் திரும்பப் பறிக்கப்பட்டு ஆசாரியர் வருந்தி நின்றபோது, இரவுதோறும் அதைப் படித்து மனத்தில் பதித்திருந்த ஆழ்வான் முழுவதையும் ஒப்பிக்க, அதன்பின் ஸ்ரீபாஷ்யம் உருவாயிற்று என்று குருபரம்பரைக் கதைகள் கூறும். அவர் பதித்துக்கொண்டதைக் காட்டிலும், கேட்டபோது ஒப்பித்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம்முடைய தானியங்கி ஏற்பாடோ தினமும் காலையில் 'வெற்றி' என்று மெயில் அனுப்புகிறது. சில வாரங்களில் அதை ஒருவரும் திறப்பதில்லை. 2022-ல் திருத்தப்பட்ட கம்பெனி விதிகள் கணக்குகளுக்கு நாள்தோறும் பேக்கப் வேண்டுமென்கின்றன. விதிக்காக மட்டும் எடுக்கும் பேக்கப் ஆடிட்டர் வந்து போகும்வரைதான் உதவும்.

ஆகவே, இப்பொறுப்பிலிருக்கும் அன்பர்கள் இந்த மாதமே பாட்டன் டேப் ஒன்றை எடுத்து, வேறொரு சர்வரில், ஒரேயொரு இன்வாய்ஸையாவது மீட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.