பேரு சுவத்துல... நம்பர் எதுக்கு?

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. உங்க வீட்டுப் பெரியவங்களோட ஆதார் கார்டை இதுவரைக்கும் எத்தனை தடவை ஜெராக்ஸ் எடுத்திருப்பீங்க? சிம் கார்டுக்கு ஒண்ணு, கேஸ் கனெக்‌ஷனுக்கு ஒண்ணு, பேங்குக்கு ரெண்டு, நகைக் கடனுக்கு மூணு... அந்தக் காப்பியெல்லாம் இப்போ எங்கே இருக்கு? பீரோவுலயா, பழைய பேப்பர் கடையிலயா, இல்ல யாரோ ஒருத்தர் போன்லயா? உங்களுக்குப் பதில் தெரியலையா? கவலைப்படாதீங்க. வாங்கி வச்சவங்களுக்கே தெரியாது!

எங்க அம்மாயி ஊரு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல. ஒரு பக்கம் சோளக்காடு, இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை. அம்மாயி இருக்கிறது தொகுப்பு வீடு. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துல 1990கள்ல கட்டிக் கொடுத்தது. ஒரு ரூம், ஒரு திண்ணை, அவ்வளவுதான். கூரையில சிமென்ட் பெயர்ந்து கம்பி பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. ஐப்பசி மழை பிடிச்சா வீட்டுக்குள்ள ஏழு இடத்துல பாத்திரம் வைக்கணும்.

இந்த மாதிரி வீடுகளுக்காகத்தான் 2024 ஜூன்ல தமிழக அரசு ஒரு அறிவிப்பு கொடுத்துச்சு. 2000-01க்கு முன்னாடி அரசுத் திட்டங்கள்ல கட்டின ஊரக வீடுகள்ல 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாய் செலவுல பழுது பார்ப்போம்னு சொன்னாங்க. அம்மாயிக்கு ஒரே சந்தோஷம். “கண்ணு, நீதான் படிச்சிருக்கியே, எல்லாத்தையும் பூர்த்தி பண்ணிக் குடு”ன்னு மஞ்சப்பையை என் மடியில கொட்டிருச்சு. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வீட்டு வரி ரசீது, நூறு நாள் வேலை அட்டை. ஒரு மனுஷியோட மொத்த வாழ்க்கையும் அந்தப் பைக்குள்ள இருந்துச்சு.

மூணு செட் ஜெராக்ஸ் கேட்டாங்க, கொடுத்தோம். அதோட முடியல. “எல்லாரும் ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் போட்டோ எடுத்து இந்த குரூப்ல போட்டுடுங்க, வேலை சீக்கிரம் முடியும்”னு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாங்க. ரெண்டே நாள்ல ஊர்ல பாதிப் பேரோட ஆதார், அக்கவுண்ட் நம்பர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் ஊர்ல எல்லார் கையிலயும்! நடுவுல ஒருத்தர் குட்மார்னிங் ரோஜாப்பூ வேற அனுப்பிட்டு இருந்தார். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. கையில இருக்கிற வேலையைச் சுலபமா முடிக்கணும், அவ்வளவுதான். அதுதான் பயமே!

மூணு வாரம் கழிச்சு எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு போன். “வீடு ரிப்பேர் பணம் வந்திருக்குங்கம்மா” என்ற குரல், பாட்டியோட பேர், ஊர், பேங்க் பேர், அக்கவுண்டோட கடைசி நாலு நம்பர் எல்லாத்தையும் சரியா சொல்லுச்சு. இவ்வளவு சொல்றவன் ஆபீஸ்காரனாத்தானே இருப்பான்? பாட்டி ஓ.டி.பி.யைச் சொல்லிட்டாங்க. போனது 3,600 ரூபாய். பெரிய தொகையா தெரியலையா? மாசம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன். மூணு மாசம் அந்தப் பாட்டி மாத்திரைக்கு எங்கே போவாங்க, சொல்லுங்க.

அந்த நம்பர் யார்கிட்ட இருந்து வெளியே போச்சு? ஜெராக்ஸ் கடையிலயா, ஆபீஸ்லயா, குரூப்லயா? கண்டுபிடிக்கவே முடியாது. பத்துக் கை தொட்ட காகிதத்துல எந்தக் கையும் மாட்டாது. சிக்கலே இங்கேதான் இருக்கு. காப்பி பெருகப் பெருகப் பொறுப்பு கரைஞ்சு போயிடுது.

‘கிராமத்துல கம்ப்யூட்டர் அறிவு கம்மி, அதான் இப்படி’ன்னு நினைக்கிறீங்களா? பக்கத்து ஆந்திராவைப் பாருங்க. 2018 ஏப்ரல்ல அந்த மாநில வீட்டுவசதிக் கழகத்தோட வெப்சைட்ல சுமார் 1.3 லட்சம் பயனாளிகளோட ஆதார் நம்பர், பேங்க் விவரம், சாதி, மதம் எல்லாம் திறந்து கிடந்துச்சு. பாஸ்வேர்டு உடைக்கவே தேவையில்லை, பார்த்தாலே போதும்னு இருந்ததை வெளியே கொண்டு வந்தவர் ஸ்ரீனிவாஸ் கோடாலிங்கிற ஆராய்ச்சியாளர். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2017 மே மாசம், பெங்களூரு ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’க்காக அவரும் அம்பர் சின்ஹாவும் ஒரு அறிக்கை எழுதினாங்க. நாலே நாலு அரசுத் தளங்கள் வழியா 13 கோடி ஆதார் நம்பர்கள் வெளியே தெரிஞ்சிருக்கலாம்னு அதுல கணக்கு சொன்னாங்க. பென்ஷனும் நூறு நாள் வேலையும் அந்த நாலுல அடக்கம். கவனிச்சீங்களா? வெளியே தெரிஞ்சது பெரும்பாலும் அரசு உதவியை நம்பி இருக்கிற ஏழைகளோட நம்பர். பணக்காரங்க நம்பர் பூட்டுக்குள்ள, ஏழைங்க நம்பர் பொது வெளியில!

“அப்போ பயனாளிகள் பட்டியலையே வெளியிடக் கூடாதுங்கிறியா?”ன்னு என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. என் பதில், நிச்சயமா வெளியிடணும்!

பட்டியல் சுவத்துல ஒட்டலைன்னா என்ன ஆகும்? மாடி வீட்டுக்காரர் பேரு உள்ளே வரும், ஒழுகுற வீட்டுக்காரர் பேரு வெளியே போகும். மத்திய அரசோட பிரதமர் வீடு கட்டும் திட்டத்துல பட்டியலைக் கிராம சபையில வச்சு சரி பார்க்கணும்ங்கிறதே அதுக்காகத்தான். 2005ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோட 4வது பிரிவும், மானியத் திட்டங்கள்ல யாருக்கு எவ்வளவு கொடுத்தீங்கன்னு யாரும் கேட்கிறதுக்கு முன்னாடியே வெளியிடணும்னு சொல்லுது. அது மக்களோட ஆயுதம். விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனா, ஒரு வீடு யாருக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்கு என்ன தேவை? பேரு, தெரு, எந்தத் திட்டம், எவ்வளவு பணம், எத்தனை தவணை. போதும்! ஆதார் நம்பர் எதுக்கு? அக்கவுண்ட் நம்பர் எதுக்கு? அதை வச்சு எந்த ஊழலையும் நான் பிடிக்கப் போறதில்லை. திருடன்தான் பாட்டியைப் பிடிப்பான்.

சட்டமும் இதையேதான் சொல்லுது. ஆதார் சட்டம் 2016, பிரிவு 29(4) ஒருத்தரோட ஆதார் நம்பரைப் பொதுவுல வெளியிடவோ ஒட்டவோ தடை போட்டிருக்கு. 2017 ஆகஸ்ட் 24ல சுப்ரீம் கோர்ட்டோட 9 நீதிபதிகளும் ஒரே குரல்ல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு கொடுத்தாங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதுலேர்ந்து 18 மாசம் அவகாசம். மானியம் கொடுக்க அரசு நம்ம விவரத்தைப் பயன்படுத்தலாம், ஆனா தேவையானதை மட்டும் வாங்கணும், தேவைப்படுற வரைக்கும்தான் வச்சிருக்கணும், பத்திரமா வச்சிருக்கணும், கேள்வி கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளோட தொடர்பு விவரத்தைக் கொடுக்கணும்னு அந்த விதிகள் சொல்லுது.

இதுல ஒரு உள்குத்தும் இருக்கு பாஸ். இதே 2023 சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோட 8(1)(j) பிரிவையும் மாத்திடுச்சு. முன்னாடி தனிப்பட்ட தகவல்னு சொல்லி மறுக்கணும்னா, அதுக்கும் பொதுநலனுக்கும் சம்பந்தம் இல்லைன்னு காட்டணும். இப்போ ‘தனிப்பட்ட தகவல்’ங்கிற ஒரு வார்த்தையே மறுக்கப் போதும்கிற மாதிரி சுருக்கிட்டாங்க. பொதுநலன் பெருசுன்னா கொடுக்கலாம்கிற 8(2) மட்டும் இன்னும் இருக்கு. நாளைக்கே உங்க ஊர்ல யாராவது “பட்டியல் தர முடியாது, அந்தரங்கம்”னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க. நம்பரை வாட்ஸ்அப்ல விட்டுட்டு, பேரைப் பூட்டி வைக்கிறது! சாவியைத் திண்ணையில வச்சுட்டு ஜன்னலை அடைக்கிற கதை. நமக்கு வேண்டியது நேர் எதிர். பேரு சுவத்துல இருக்கட்டும், நம்பர் பூட்டுக்குள்ள இருக்கட்டும்.

சரி, நீங்களும் நானும் என்ன செய்யலாம்? வீட்டுல படிச்ச பிள்ளைன்னு நம்மளைத்தானே ஃபார்ம் நிரப்பச் சொல்றாங்க? அங்கேயே ஆரம்பிக்கலாம்.

பணம் அக்கவுண்டுக்கு வர ஆபீஸ்ல முழு ஆதார் நம்பரைப் பதிவு பண்ண வேண்டியிருக்கும். அதை நேர்ல, கம்ப்யூட்டர் முன்னாடி கொடுங்க. ஃபைலுக்குன்னு கேட்கிற காப்பிக்கு, ஆதார் ஆணையத்தோட வெப்சைட்லயே முதல் 8 இலக்கம் மறைச்ச ஆதார் கிடைக்குது, அதை ஏத்துக்குவாங்களான்னு கேளுங்க. ‘முழுசாத்தான் வேணும்’னா, காப்பி மேலேயே குறுக்க ‘வீடு பழுது விண்ணப்பத்துக்கு மட்டும்’னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்க. குரூப்ல போடச் சொன்னா, “நேர்ல தர்றேனுங்க”ன்னு மரியாதையா சொல்லுங்க. ஜெராக்ஸ் கடையில சரியா வராத காப்பியையும் கையோட வாங்கிட்டு வாங்க. போன்ல யாராவது ஓ.டி.பி. கேட்டா, பதில் சொல்லாம கட் பண்ணுன்னு பாட்டிகிட்ட பத்துத் தடவை சொல்லுங்க. அதுக்கும் மேல பணம் போயிடுச்சுன்னா, அழுதுட்டு உட்காராம உடனே 1930க்கு போன் போடுங்க.

இதெல்லாம் ஒரு வீட்டுக்கு. ஊருக்கு வேணும்னா கிராம சபைதான். தமிழ்நாட்டுல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு நாள். அதுல பாதி நாளாவது காலேஜ் லீவுதான், தூங்கித்தான் கழிக்கிறோம். ஒரு தடவை எழுந்து போய், வீட்டுத் திட்டத்தைப் பத்திப் பேச்சு வரும்போது மூணே மூணு கேள்வி கேளுங்க. பட்டியல் எங்கே ஒட்டியிருக்கீங்க? எங்க ஜெராக்ஸ் எல்லாம் எந்த பீரோவுல இருக்கு, சாவி யார்கிட்ட? வேலை முடிஞ்சதும் அதை என்ன பண்ணுவீங்க?

முதல் தடவை எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க. “இந்தப் புள்ளைக்கு என்ன வந்துச்சு?”ன்னு முணுமுணுப்பாங்க. பரவாயில்லை, கேள்வியைத் தீர்மான நோட்டுல எழுதச் சொல்லிட்டு உட்காருங்க.