இந்த றால் மீனைத் தின்னுமா?



மழை பெய்து வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் கைகளில் ஜாம் போத்தல்கள் வந்துவிடும். கரடியனாற்றுப் பக்கம் அது ஒரு பருவம். போத்தலுக்குள் இரண்டு மீன் குஞ்சு, ஒரு வாற்பேத்தை, கண்ணாடி நிறத்தில் நாலைந்து சின்ன இறால். பிள்ளைகளுக்கு எல்லாமே 'கூனி'தான். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் போத்தலை அப்படியே அதற்குள் கவிழ்த்துவிடுவார்கள். ஒரு கிழமை போன பிறகு கேள்வி வரும்: "சேர், இந்த றால் மீனைத் தின்னுமா?"

பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் கேட்கிறார்கள். ஏறாவூரிலும் செங்கலடியிலும் மீன் தொட்டி வைத்திருக்கும் சகோதரர்கள் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் விஞ்ஞானக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே இரண்டடி நீளத் தொட்டி ஒன்று உண்டு. அதில் கப்பி மீன்கள், கடையில் வாங்கிய சிவப்பு இறால்கள் ஆறு, பிள்ளைகள் வாய்க்காலில் பிடித்து வந்த நிறமில்லாத இறால்கள் மூன்று. கப்பிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. ஒரு நாள் காலை வந்து பார்த்தால் செத்த கப்பி ஒன்றின் மேல் சிவப்பு இறால்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. வகுப்பு ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது.

"சேர், சிவப்புத்தான் கொல்லுது. அது வெளியில இருந்து வந்தது. மற்றது நம்மட வாய்க்கால் றால், அது ஒண்டுஞ் செய்யாது."

தினமும் பஸ் ஏறி வெளியூரிலிருந்து வந்து படிப்பிக்கும் எங்களுக்கு அந்த வசனம் சிரிப்பையும் தந்தது, யோசனையையும் தந்தது. "கொன்றதைக் கண்டது யார்?" என்று கேட்டோம். ஒருவரும் இல்லை. தின்றதைத்தான் கண்டிருந்தார்கள். கொல்வதும் தின்பதும் ஒன்றா என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இறாலை எப்படி இனங்காண்பது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கினோம்.

நன்னீர்த் தொட்டியில் வந்து சேரும் இறால்களைப் பொதுவாக இரண்டு பெரிய கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்று, பாசி மேயும் கூட்டம். கரிடினா, நியோகரிடினா என்பவை இதில் அடங்கும். கடைகளில் 'செரி இறால்' என்று விற்கும் சிவப்பு இறால் ஒரு நியோகரிடினா. அதன் பூர்வீகம் தாய்வானும் சீனாவும். இயற்கையில் அதற்கு மங்கிய மண்ணிறம். அந்தச் சிவப்பு, மனிதர் பல தலைமுறையாகத் தெரிவு செய்து வளர்த்ததால் வந்தது. நம் நாட்டு ஓடைகளிலும் கரிடினாக்கள் உண்டு. ஹோட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் கரிடினா இனமொன்றும் இலங்கைக்கு இருக்கிறது.

மற்றது, கொடுக்குக் கூட்டம். இதன் பெயர் மக்ரோபிராக்கியம். கிரேக்கத்தில் 'நீண்ட கை' என்று பொருள். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. மீன் பிடிப்பது, மற்ற இறாலைத் தாக்குவது, தன் இனத்தையே தின்பது எல்லாம் இந்தக் கூட்டத்தின் குணம்.

இரண்டையும் பிரித்தறிய நிறத்தைப் பார்க்காதீர்கள். உடம்பின் அளவையும் பார்க்காதீர்கள். இளம் மக்ரோபிராக்கியம் மெல்லிய கண்ணாடித் துண்டு போல அப்பாவியாகத்தான் இருக்கும். கைகளைப் பாருங்கள்.

இறாலுக்கு ஐந்து சோடி நடைக்கால்கள். இரண்டு கூட்டத்திலும் முதல் இரண்டு சோடிகளின் நுனி இடுக்கி போல இருக்கும். பாசி மேயும் இறாலில் அந்த இரண்டு சோடியும் கட்டையானவை. நுனியில் தூரிகை மாதிரி மயிர்க்கற்றை உண்டு. கைவில்லை வைத்துப் பார்த்தால், இரண்டு கைகளாலும் மாறி மாறித் துடைத்து வாயில் போடுவது தெரியும். ஓய்வே இல்லாமல் நாள் முழுக்க அதே வேலை. மக்ரோபிராக்கியத்தில் முதல் சோடி மெல்லியது. இரண்டாவது சோடி நீண்டு, முன்னால் நீட்டிய கத்தரிக்கோல் போல நிற்கும். இளசுகளில் அது நூல் மாதிரி மெல்லியதாக இருந்தாலும் நீளம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது அடையாளம் தலை முள். தலைக்கு முன்னால் ரம்பம் போல ஒரு முள் நீட்டி நிற்கிறதல்லவா? நம் பெரிய ஆற்றிறாலில் அது நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். செரி இறாலில் கட்டையாக இருக்கும்.

மூன்றாவது முட்டை. இரண்டுமே வயிற்றின் அடியில் முட்டை சுமக்கும். செரி இறாலில் ஏறத்தாழ 20, 30 முட்டைகள்தான். எண்ணிவிடலாம். பொரிக்கும்போதே தாயைப் போன்ற சின்ன இறாலாக வெளியே வரும். ஆற்றிறாலின் முட்டைகள் எண்ண முடியாத பொடி மணிகளாக ஒட்டியிருக்கும்.

நான்காவது பழக்கம். பகலில் கல்லுக்கடியில் பதுங்கி, விளக்கணைந்த பிறகு வெளியே வந்து, ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு கிட்ட வருபவரைக் கையால் தள்ளிவிடும் இறால் மேல் சந்தேகம் கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பு இந்த வரிசையில் பார்த்தது. வாய்க்கால் இறால் மூன்றில் இரண்டு தூரிகைக் கைக்காரர். மூன்றாவதுக்கு உடம்பளவு நீளமான இரண்டு மெல்லிய கைகள். தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்கி, டோர்ச் லைட்டில் சிவப்பு செலோபேன் சுற்றிக் குழுக் குழுவாகக் காவல் இருந்தோம். இரண்டாம் நாள் பிள்ளைகளே கண்டார்கள். அடியில் அசையாமல் நின்ற கப்பியின் வாலை அந்த நீண்ட கை பிடித்து இழுத்தது. சிவப்பு இறால்கள் மறுமூலையில் பாசி துடைத்துக்கொண்டிருந்தன. அன்று காலை அவை செத்த மீனின் மேல் இருந்தது உண்மை. அது அவற்றின் தொழில். குப்பை அள்ள வந்தவரைக் கொலைகாரர் என்று பிடித்து வைத்த கதைதான் அது.

வாய்க்காலில் பிடித்த மூன்றையும் 'நம்மட' என்று ஒரே சாக்கில் போட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய ஆறையும் 'வெளி' என்று ஒரே சாக்கில் போட்டுத் தண்டிக்கப் பார்த்தார்கள். இரண்டு சாக்கும் பிழை. ஊரைக் கேட்டு, பெயரைக் கேட்டு, ஆளின் தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்கிற பழக்கத்தால் இந்த மாவட்டத்தில் எல்லாச் சமூகமும் பட்டிருக்கிறது. அதை வகுப்பில் நாங்கள் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஒரு மாணவி தன் கொப்பியில் 'கண்டது', 'நினைத்தது' என்று இரண்டு நிரல் போட்டு எழுதியிருந்தாள். அது போதும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது, தொட்டியில் மீன் செத்தாலே இறால் கொன்றது என்று நினைக்கக் கூடாது. புதிதாக வைத்த தொட்டியில் மீன் கழிவிலிருந்து அமோனியா சேரும். அதை மாற்றும் பற்றீரியாக்கள் வளரச் சில வாரங்கள் எடுக்கும். அதற்கு முன் மீன்களை நிறைய விட்டால் சாகும். குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாளாவது வாய் அகன்ற வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மீன் மருந்து வாங்கும்போது அதில் செம்பு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மீனைக் காப்பாற்றும் அளவு செம்பே இறாலைக் கொன்றுவிடும்.

இன்னொரு பொய்ச் சாவும் உண்டு. காலையில் தொட்டியடியில் வெள்ளையாக ஒரு இறால் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அது கழற்றிப் போட்ட கோது. ஆத்திரப்போடாக்களின் புறவன்கூடு வளராது என்று படித்திருக்கிறோம். ஆகவே வளர வேண்டுமென்றால் பழைய கோதைக் கழற்ற வேண்டும். கழற்றிய இறாலின் உடம்பு புதுக் கோது இறுகும்வரை மெத்தென்றிருக்கும். அதனால் ஒளிந்துகொள்ளும். கொடுக்குக்காரர் அதே தொட்டியில் இருந்தால், அந்த நேரம் பார்த்துத்தான் பிடித்துத் தின்பார். பாசியும் செடியும் மறைவிடமும் உள்ள தொட்டியில் இழப்புக் குறையும்.

சரி, அந்த நீண்ட கைக்காரர் கெட்டவரா? இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்தோம்.

மக்ரோபிராக்கியம் கூட்டத்தின் அரசன் நாம் ஆற்றிறால் என்று கறிக்கு வாங்கும் பெரிய நன்னீர் இறால். அதன் விஞ்ஞானப் பெயர் மக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி. ஆண் 30 சென்றிமீற்றரையும் தாண்டி வளரும். ஆண்களுக்குள்ளேயே மூன்று படிநிலை. சின்ன ஆண், செம்மஞ்சள் கொடுக்கு ஆண், நீலக் கொடுக்கு ஆண். நீலக் கொடுக்கர்தான் இடத்துக்குத் தலைவர். அவருடைய கை உடம்பை விட நீண்டிருக்கும். அவரை எடுத்துவிட்டால் செம்மஞ்சள்காரர் ஒருவர் வளர்ந்து அந்த இடத்தைப் பிடிப்பார். அகலமான ஆற்றில் தோற்றவர் விலகிப் போய்விடலாம். இரண்டடிக் கண்ணாடிக்குள் எங்கே போவது? ஆற்றில் வாழும் வழியாக இருந்த குணம், தொட்டிக்குள் கொலையாகிவிடுகிறது.

அதன் பிறப்பும் நம் மண்ணோடு சேர்ந்த கதை. பெரிய இறால் வாழ்வது நன்னீரில். ஆனால் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். தாய் முட்டையைச் சுமந்துகொண்டு ஆற்றோடு கீழே, கழிமுகம் நோக்கி இறங்கும். குஞ்சுகள் உவர்நீரில் பதினொரு பருவம் கடந்து, மறுபடி நன்னீர் தேடி மேலே ஏறும். குஞ்சுகள் ஏன் வளர்ப்பில் சாகின்றன என்று வெகுகாலம் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ-வென் லிங் என்ற விஞ்ஞானிதான் உப்பு வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார். உலகத்தில் நன்னீர் இறால் வளர்ப்பு அதற்குப் பிறகுதான் தொழிலாக வளர்ந்தது.

மேலே குளங்கள், நடுவே ஆறு, கீழே 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட மட்டக்களப்பு வாவி. இப்படியொரு உயிருக்கு வேண்டிய எல்லாம் நம் பிரதேசத்தில் இருக்கிறது. ஆனால் அணைக்கட்டுக்கு மேலே குளத்தில் விடப்படும் இறாலுக்கு உவர்நீர்க்கும் குளத்துக்கும் இடையில் போய்வர வழியில்லை. அதனால் குளத்தில் அது தானாகப் பெருகாது. 'நக்டா' என்று நாம் சொல்லும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை பொரிப்பகங்களில் குஞ்சு உற்பத்தி செய்து நாட்டின் குளங்களில் திரும்பத் திரும்ப விடுவது அதனால்தான். குளத்து மீனவருக்கு அந்தக் கொடுக்குதான் நல்ல விலை. நம் தொட்டியில் கள்வன், அவர் வலையில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு.

ஆகவே நீண்ட கை இறால் அகப்பட்டால் கொல்ல வேண்டியதில்லை. தனித் தொட்டியில் வையுங்கள். முடியாவிட்டால், எந்த வாய்க்காலில் பிடித்ததோ அங்கேயே விடுங்கள். ஆனால் அதை மற்ற மீனோடு கடைத் தொட்டியில் ஒன்றாக வைத்திருந்தால் விடாதீர்கள். நோயும் கூடவே போகும்.

கடையில் வாங்கிய எதையும், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். இது எங்கள் தாழ்மையான வேண்டுகோள். 'டாங்க் கிளீனர்' என்று ஆசையாக வாங்கிய மீன் தொட்டியை விடப் பெரிதாகியதும் ஆற்றில் விடப்பட்டு, இன்று இலங்கை நீர்த்தேக்கங்களில் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. கத்தி மீனும் அப்படித்தான் கண்ணாடித் தொட்டியிலிருந்து நம் நீர்நிலைகளுக்குள் போனது. இரண்டும் தாமாக நடந்து போகவில்லை. மனிதக் கையால் போனவை.

எங்கள் கூடத்து நீண்ட கைக்காரர் இப்போது பழைய பிஸ்கட் கடைக் கண்ணாடிப் பெட்டியொன்றில் தனிக்குடித்தனம் இருக்கிறார். பிள்ளைகள் மாதம் ஒரு முறை அவருடைய கையை அளந்து வரைபு கீறுகிறார்கள்.

உங்கள் தொட்டியிலும் சந்தேகமான இறால் இருந்தால் படம் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். பக்கவாட்டில் எடுங்கள். எங்கே பிடித்தது அல்லது வாங்கியது என்று எழுதுங்கள். நிறம் தெளிவாக விழாவிட்டாலும் பரவாயில்லை, கைகள் தெரிய வேண்டும்.